பத்து எப்போதும் பத்துதானா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

கணிப்பொறி பொய் சொல்லாது என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. சென்ற பருவத்தில் ஒரு பத்து, என் நம்பிக்கையை அசைத்துவிட்டது.

எங்கள் ஊர் ராசிங்காபுரம். விடியுமுன் ஜீப் ஏறி, மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் பலர். அவர்களுடைய வேலைநாள் கணக்கை நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. அந்தக் கணக்கையே ஆய்வகத்தில் சி மொழிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். நாட்களை எஃப்ரைட் கொண்டு இரும வடிவில் கோப்பில் எழுதினேன். திரும்பப் படித்தபோது 8 எட்டாகவும், 9 ஒன்பதாகவும் வந்தன. பத்து நாள் உழைத்த பெரியம்மாவுக்கோ 2573 நாள்! அடுத்த வீட்டு அண்ணனின் 11 நாள் 2816 ஆகிவிட்டது!

கோப்பை எழுதத் திறக்கையில் ‘டபிள்யூ பி’ என்று கொடுக்காமல் ‘டபிள்யூ’ என்று மட்டும் கொடுத்ததே காரணம். விண்டோஸில் உரைக்கோப்பின் வரிமுடிவு 13, 10 என்ற இரண்டு பைட்டுகள். என்னுடைய பத்தை வரிமுடிவு என்று எடுத்துக்கொண்டு, அதன் முன்னே ஒரு 13 சேர்க்கப்பட்டது. இரும முறையில் படித்தபோது அது 13 + (10 × 256) = 2573 ஆயிற்று. பின்னால் வந்த எண்கள் ஒரு பைட் தள்ளிப்போயின. லினக்ஸில் இரண்டு முறைக்கும் வேறுபாடில்லை. அங்கே என் தவறு வெளிப்பட்டே இராது.

சிக்கல் இதோடு முடியவில்லை. டர்போ சியில் முழு எண்ணுக்கு 2 பைட். இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் 4. இரண்டு பைட்டில் 1000 என்பதை இன்டெல் பொறி 232, 3 என்று சிறிய பகுதியை முன்வைத்து எழுதும். பெரிய பகுதி முன்னே வருமென்று எண்ணும் பொறி அதையே 59395 என்று படிக்கும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்ற சண்டையை ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் ‘கல்லிவரின் பயணங்கள்’ நூலில் எழுதினார். அந்தச் சண்டைக்காரர்களின் பெயரையே 1980-இல் டேனி கோஹன் இவ்விரு முறைகளுக்கும் சூட்டினார். பெயர் வேடிக்கையானது, விளைவு வேடிக்கையன்று.

நோட்டில் எழுதிய 10, யார் கையில் கொடுத்தாலும் பத்துதான். இருமக் கோப்பின் 10, எழுதியவனின் முறையை அறிந்தவனுக்கு மட்டுமே பத்து. ஆகவே, திரையில் விடை வந்தவுடன் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் தருவது போதாது என்பது என் கருத்து. எத்தனை பைட், எந்த வரிசை, எந்த முறையில் திறந்தது என்ற குறிப்பையும் மாணவன் எழுத வேண்டும். அந்தக் குறிப்பை மட்டும் கொண்டு பக்கத்து மாணவன் அந்தக் கோப்பைப் படித்துக்காட்ட வேண்டும். சிறு கணக்கென்றால் எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு உரையாகவே எழுதிவிடலாம். நாலு பைட் மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

2573 என்று வந்ததால் சிரித்தோம், பிழையும் தெரிந்தது. பத்து, ஒன்பதாக மாறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? ஒருநாள் கூலி குறைந்ததைப் பெரியம்மா மட்டுமே அறிந்திருப்பார். கணிப்பொறி சொன்ன பிறகு, அவர் சொல்லை யார் கேட்பார்கள்?