புறம்போக்குன்னா என்ன இளக்காரமா?

சின்ன வயசுல எங்க ஊர்ல யாரையாவது திட்டணும்னா கைவசம் ஒரு வார்த்தை ரெடியா இருக்கும்: "லேய் புறம்போக்கு!" அதோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுத்தான். வரிக்கணக்குக்கு வெளியே நிக்கிற நிலம். தனி ஆள் பேருல பட்டா கிடையாது. அதாவது ஊருக்கே பொது. யோசிச்சுப் பாத்தா இது திட்டா, பாராட்டா? :-)

திட்டுன்னு நெனச்சதாலதான் வந்தது வினை. கேக்க ஆளில்லாத நிலம்னா குப்பை கொட்டலாம், கட்டடம் கட்டலாம், ரோடு போடலாம். வேலைக்காக சில வருஷம் சென்னை வேளச்சேரியில இருந்தேன். பக்கத்துலயே பள்ளிக்கரணை. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, மறுபக்கம் பூநாரைக் கூட்டம். தென்சென்னையோட மழைத்தண்ணிய வாங்கி வச்சுக்கிட்டு, ஒக்கியம் மடுவு வழியா மெதுவா வெளியே அனுப்புற சதுப்பு நிலம் அது. அதைப் போய் பல காலம் தரிசுன்னு கணக்குல வச்சிருந்தாங்க. 2007-ல 317 ஹெக்டேரை மட்டும் காப்புக்காடா அறிவிச்சாங்க. 2022-ல 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலுக்குப் போச்சு. நடுவுல 2015 டிசம்பர் வெள்ளம். வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுன்னு எல்லாரும் புலம்பினோம். தண்ணியோட வீட்டுக்குள்ள நாமதான் போய் உக்காந்திருக்கோம்னு அப்பதான் எனக்கு உறைச்சது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நாகர்கோவில்ல இருந்து சுசீந்திரம் போற வழியில வண்டிய நிறுத்திப் பாத்தவங்களுக்குத் தெரியும். பக்கத்துல தேரூர், நம்ம கவிமணி பிறந்த ஊர். குளம் நிறைய தாமரை. இலை மேல காலு பாவாம நடக்குற நீளவால் இலைக்கோழி (இதுல ஆம்பளப் பறவைதான் முட்டைய அடைகாக்கும், வீட்ல சொல்லிராதீங்க). சீழ்க்கைச் சிறகி, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, பவளக்கால் உள்ளான். அப்படியே பழையாத்துக் கூடவே கீழ போனா மணக்குடிக் காயல். 2015-ல சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூணையும் சேத்து பறவைகளுக்கான காப்பகமா அறிவிச்சாச்சு. 2022-ல சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் ராம்சர் பட்டியல்ல சேந்தாச்சு.

சந்தோஷந்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா போர்டு வச்சாச்சு, குளம் பொழச்சுதுன்னு நாம கைதட்டிட்டுப் போறோமே, அங்கதான் எனக்கு இடிக்குது.

இதெல்லாம் காடு இல்ல மக்கா. மனுசன் வெட்டுன குளம். நெல்லுக்காக வெட்டுனது. மடை, மறுகால், வாய்க்கால், வயல் எல்லாம் சேந்ததுதான் குளம். 1906-ல கட்டி முடிச்ச பேச்சிப்பாறை அணையில திறக்கிற தண்ணியும் இந்தக் கண்ணியில ஒண்ணு. எங்க ஊர்ல கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூ. கும்பப்பூவுக்கு வயல் சேறடிக்கிற சமயமும் வடக்க இருந்து வலசைப் பறவைங்க வர்ற சமயமும் ஏறக்குறைய ஒண்ணு. குளத்துல தங்கிட்டு வயல்ல புழுவும் நத்தையும் தவளையும் பொறுக்கித் தின்ன எத்தனையோ பறவைங்க வரும். குளத்தை மட்டும் வேலி போட்டுக் காப்பாத்திட்டு, சுத்தி இருக்குற வயலை பிளாட் போட்டு வித்தா என்ன ஆகும்? படுக்கையறை இருக்கும், அடுக்களை இருக்காது.

இதை எங்க தெரு பெரியவர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். இன்னும் நெல்லு போடுற சிலர்ல அவரும் ஒருத்தர். "கொக்கு திங்கணும்னு நான் நட்டத்துக்கு நடணுமாடே? ஒங்க அப்பன் வயல வித்துத்தானே ஒன்னப் படிக்க வச்சான்?"ன்னார்.

வாயடைச்சுப் போச்சு. நெசந்தான். எங்க எட்டு மரக்கால் விதைப்பாடு இப்ப பன்னெண்டு வீடா நிக்குது. அந்தக் காசுல படிச்சு, சம்பாதிச்சு, பைனாகுலர் வாங்கி, இப்ப வயலை விக்காதீங்கன்னு எழுதிட்டு இருக்கேன். இந்த வெக்கத்தை ஒளிக்காமச் சொன்னாத்தான் மேற்கொண்டு பேச எனக்கு யோக்கியதை உண்டு.

அதனால என் கட்சி இதுதான்: பறவை வேணும்னா நெல்லு போடுறவனுக்குக் காசு கொடுக்கணும். இது ஆகாசத்துல இருந்து குதிச்ச யோசனை இல்ல. களியக்காவிளையைத் தாண்டுனா கேரளா. அங்க வயலையும் ஈரநிலத்தையும் நிரப்பக் கூடாதுன்னு 2008-லயே தனிச்சட்டம் போட்டாச்சு. 2020-ல இருந்து வயலை வயலாவே வச்சிருக்கிறவங்களுக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபான்னு ராயல்டி குடுக்க ஆரம்பிச்சாங்க. தொகை சின்னதுதான். ஆனா "உன் வயல் ஊருக்கே தண்ணி சேத்துத் தருது, அதுக்கு இந்தா கூலி"ன்னு ஒரு அரசாங்கம் சொன்னது பெரிய விஷயம். நம்ம பக்கம் ராம்சர் குளத்துப் பாசன வயல்கள்ல இருந்தாவது ஆரம்பிக்கலாமே.

ரெண்டாவது, குளத்தோட பொறுப்புல ஊருக்கும் பங்கு வேணும். லண்டன் நகரத்துலயே விம்பிள்டன் காமன்னு ஒரு பொது நிலம் இருக்கு, பாதி புதர்க்காடு. டென்னிஸ் ஆடுற அதே விம்பிள்டன்தான். 1864-ல அங்கத்தைய பிரபு அதை வளைச்சுக்கிடப் பாத்தார். ஊர்க்காரங்க சண்டை போட்டு 1871-ல சட்டமே வாங்கிட்டாங்க. இன்னிக்கும் சுத்துவட்டாரத்து ஆளுங்க அதுக்குன்னு தனியா வரி கட்டுறாங்க. எட்டு பாதுகாவலர்கள்ல அஞ்சு பேரை அவங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. அந்த மாதிரிப் புதர்வெளியையும் சும்மா விட்டா மரம் மூடிரும். வெட்டியோ மேய்ச்சோ வச்சாத்தான் அங்க உள்ள உயிருங்க பொழைக்கும். நம்ம குளமும் அப்படித்தான். தூர் வாரலேன்னா மேடாகும், அள்ளலேன்னா ஆகாயத்தாமரை மூடும். புழங்குனாத்தான் குளம்.

நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? குடிமராமத்துன்னு பேரே வச்சிருந்தோமே. 2017-ல அரசாங்கம் அந்தப் பேருல திட்டமும் கொண்டு வந்தது. பேரு திரும்பி வந்த அளவுக்கு குடி திரும்பி வரலைங்கிறதுதான் என் குறை. நான் உட்பட.

ராம்சர் ஒப்பந்தமே 'அறிவோடு பயன்படுத்து'ன்னுதான் சொல்லுது, பூட்டி வைன்னு சொல்லல. வனத்துறை, பொதுப்பணி, பாசனக்காரர், தாமரை பறிக்கிறவர், மீன் பிடிக்கிறவர், நம்மள மாதிரி வேடிக்கை பாக்குறவங்க எல்லாரும் ஒரு இடத்துல உக்காந்து பேசணும். பெரியவர் முதல் நாற்காலியில இருக்கணும். நான் கடைசி பெஞ்சு.

கும்பப்பூ சமயத்துல நாகர்கோவில் பக்கம் வந்தா சொல்லுங்க. காலையில ஆறு மணிக்கு பைக்ல கூட்டிட்டுப் போறேன். பைனாகுலர் ஒண்ணுதான் இருக்கு, மாத்தி மாத்திப் பாத்துக்கிடலாம். பெரியவர் வயல்ல நின்னா அவர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க. திட்டுவாரு, பரவால்ல.