விழுக்காட்டில் விடுபட்டவர்கள்

2021 தொடக்கத்தில் கொரோனா தடுப்பூசிப் பட்டியல்களைக் கவனித்தவர்களுக்கு நினைவிருக்கும்: முதலிடத்தில் இஸ்ரேல். மார்ச் இறுதிக்குள் அங்கே சுமார் 52 லட்சம் பேர் முதல் தவணை ஊசி போட்டிருந்தார்கள். மக்கள்தொகை 93 லட்சம். ஆக 56 விழுக்காடு. உலக ஊடகங்கள் வியந்து பாராட்டின.

கணக்கில் பிழையில்லை. அந்த 93 லட்சத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே நமது கேள்வி. மேற்குக்கரையில் குடியேறியுள்ள நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஜெருசலேம் ஃபலஸ்தீனர்களும் இருக்கிறார்கள். ஆனால், அதே மேற்குக்கரையில் யூதக் குடியிருப்புக்கு அடுத்த கிராமத்தில் வாழும் ஃபலஸ்தீனர் இல்லை. காஸாவும் இல்லை. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் பேர். இவர்களையும் சேர்த்து வகுத்தால், அவர்களுக்குக் கிடைத்த சொற்ப ஊசிகளைக் கூட்டினாலும் விழுக்காடு 40-ஐத் தொடாது.

ஓஸ்லோ உடன்படிக்கைப்படி அங்கே சுகாதாரம் ஃபலஸ்தீன ஆணையத்தின் பொறுப்பு என்றது இஸ்ரேல். தொற்றுநோயை எதிர்கொள்ள இரு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஆக்கிரமித்த நிலத்தில் தொற்றுநோய் பரவாமல் தடுப்பதை ஆக்கிரமிப்பாளரின் கடமையாக்குகிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 56-வது பிரிவு. தன் குடியேற்றவாசிகளுக்கு எல்லை தாண்டிச் சென்ற ஊசி, பக்கத்து ஊருக்கு மட்டும் ஏன் செல்ல முடியவில்லை?

யாரை வைத்து வகுப்பது என்பதில் மற்ற நாடுகளும் தமக்குச் சாதகமானதையே முன்னிறுத்தின. பிரிட்டன் முதலில் 18 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் வைத்து விழுக்காடு சொன்னது, பிறகு 12 வயதுக்கு மேற்பட்டோரை. நம் நாட்டில் 2021 அக்டோபர் 21 அன்று 100 கோடி ஊசிகள் என்று கொண்டாடினார்கள். அது ஊசிகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. இரண்டு தவணையும் முடித்தவர்கள் சுமார் 29 கோடி. பெரியவர்களில் அது 31 விழுக்காடு, மொத்த மக்களில் 21 தான். இங்கே கூட்டிக் காட்டப்பட்டது வேகம். அங்கே விடுபட்டதோ மனிதர்கள்.

அந்த மார்ச்சில், தன் நாட்டுக்குள் வேலைக்கு வரும் சுமார் ஒரு லட்சம் ஃபலஸ்தீனத் தொழிலாளர்களுக்கு இஸ்ரேல் ஊசி போட்டது. அவர்களின் மனைவி மக்கள் காத்திருந்தார்கள். ஐ.நா. ஆதரவு பெற்ற கோவாக்ஸ் திட்டத்தின் முதல் தொகுதி ஃபலஸ்தீனுக்கு வந்து சேர்ந்தது மார்ச் 17 அன்று: 50 லட்சம் பேருக்குச் சுமார் 60 ஆயிரம் ஊசிகள்.