சுண்டெலியின் சாட்சியம்

"எலியை வைத்து மனிதனுக்குச் சட்டம் இயற்றலாமா?" காற்று மாசைப் பற்றி நாம் வாய் திறக்கும்போதெல்லாம் கனவான்கள் சிலர் எம்மை மடக்கிவிட்டதாக எண்ணிக் கேட்கும் கேள்வி இது. நன்று. நீதிமன்றத்திற் பழகியவர்கள் நாம்; தீர்ப்புக்கு முன் சாட்சியை விசாரிப்போம்.

அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறந்து நான்கே நாளான சுண்டெலிக் குட்டிகளை எடுத்தனர். வெளிக்காற்றிலுள்ள நுண்துகள்களைச் செறிவாக்கி, நாளுக்கு நான்கு மணி நேரம் அவற்றைச் சுவாசிக்க வைத்தனர். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை. மீண்டும் பத்தாம் நாள் முதல் பதின்மூன்றாம் நாள் வரை. ஆக எட்டே நாட்கள்! குட்டிகள் வளர்ந்த பின் சோதித்தனர். பொறுத்திருந்து பெறுவதைவிட உடனே கிடைப்பதை நாடும் இயல்பு அவற்றிற் கூடியிருந்ததென 2013இல் அறிவித்தனர். மூளையினுள்ளே நீர் நிறைந்த அறைகள் விரிந்திருந்தன என்றும், ஆண் குட்டிகளிலேயே அக்கேடு மிகுதி என்றும், வளர்ந்த பின்னும் அது நீங்கவில்லை என்றும் 2014இல் எழுதினர்.

இச்சாட்சியின் பெறுமதி யாது? ஏழை வீட்டுப் பிள்ளை வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாது துடித்தால், தாய் கொடுத்த செல்லம் என்பர். தகப்பனின் குடி என்பர். சாதிப்புத்தி என்று கூசாமற் சொல்வோரும் எம்மிடையே உளர். இந்த எலிக்குச் செல்லம் கொடுத்த தாய் யார்? குடித்த தகப்பன் யார்? ஒரே உணவு, ஒரே கூடு, ஒரே இனம். ஒரு கூட்டம் வடிகட்டிய காற்றைச் சுவாசித்தது; மற்றது மாசைச் சுவாசித்தது. வேறுபாடு அது ஒன்றே. பிள்ளைமீதும் பெற்றோர்மீதும் பழி சுமத்தி வந்த வாய்களை அடைக்க இதனினும் நேர்மையான சாட்சி வேண்டுமோ? இளங்கன்றில் நேர்ந்த குறை வளர்ந்த மாட்டிலும் தொடர்வதைக் கண்ட எமது கமக்காரருக்கு இது புதுமையன்று.

எலி மனிதனன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயின், மெக்சிக்கோ நகரின் மாசுக் காற்றில் வளர்ந்த பிள்ளைகளினதும் இளம் நாய்களினதும் மூளையின் முன்பகுதியில் ஒத்த வகைச் சிதைவுகள் காணப்பட்டமையை 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சிறிய ஆய்வுதான், எனினும் இரு சாட்சிகள் ஒரு திசையைச் சுட்டும்போது எதிரி வாய் திறந்து விளக்கம் தரவேண்டும் அன்றோ?

"போதிய ஆதாரம் வரட்டும்" என்ற இதே வாதம் ஈயத்துக்கும் கூறப்பட்டது. 1920களிற் பெற்றோலிற் கலந்த அந்நஞ்சை உலகின் வாகனங்கள் முற்றாகக் கைவிட 2021ஆம் ஆண்டாயிற்று. இடையிற் பிறந்த தலைமுறைகளின் கணக்கை எவர் தீர்ப்பது?

2022 டிசம்பரில் மாசுமூட்டம் வடபுலத்து வானை மூடியபோது அரசாங்கம் பாடசாலைகளுக்கு விடுமுறை அளித்தது. தொட்டிலுக்கு ஏது விடுமுறை? எலிக்குட்டியின் அந்த எட்டு நாட்களை மனிதரில் தாய் வயிற்றின் இறுதி மாதங்களுக்கு ஒப்பிடுகின்றனர் அறிஞர். கருப்பிணியைக் காக்க எந்தச் சுற்றறிக்கை வந்தது?

நாம் கேட்பது பெரிதன்று. மகப்பேற்று விடுதிகளின் அருகே காற்றை அளந்து, அன்றன்றைய அளவைத் தமிழில் வாயிலில் எழுதி வையுங்கள். விடுதிகளின் சுற்றுப்புறத்திற் குப்பை எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். புகை தீங்கற்றது என்று சொல்லும் ஆலைக்காரரே அதனை எழுத்தில் நிறுவட்டும். அதுவரை அவர்தம் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப்படலாகாது.