கேமரா யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது?

2025 டிசம்பரில் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் அகற்றப்பட்டு, அதனிடத்தில் 'விபி-ஜி ராம் ஜி' எனச் சுருக்கி அழைக்கப்படும் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. நிலைக்குழுவுக்கு அனுப்பி ஆராய வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. எழுந்த எதிர்ப்பு பெரிதும் மூன்று செய்திகளைச் சுற்றி அமைந்தது. காந்தியின் பெயர் நீக்கப்பட்டது. செலவில் 40 விழுக்காடு பெரும்பாலான மாநிலங்களின் தலையில் ஏற்றப்பட்டது. வேளாண் பருவத்தில் 60 நாட்கள் வேலையை நிறுத்தி வைக்க வழி செய்யப்பட்டது. இவை மூன்றுமே உழைக்கும் மக்களின் வயிற்றில் கைவைப்பவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் நான்காவது செய்தியொன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை. உயிரியளவு அடையாளச் சரிபார்ப்பு, கைப்பேசி வழிக் கண்காணிப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் முக்கிய இடமளிக்கிறது. சுற்றறிக்கைகள் வழியாகப் படிப்படியாகப் புகுத்தப்பட்டு வந்த ஒன்று, இப்போது சட்டத்தின் உடலுக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஊழலை ஒழிக்கும் நவீனம் என்று இது போற்றப்படுகிறது. கடந்த சில ஆண்டு அனுபவம் சொல்வது வேறு.

ஒரு நாளில் இரண்டு படங்கள்

'என்எம்எம்எஸ்' என்ற கைப்பேசிச் செயலி 2021இல் அறிமுகமானது. 2022 மே மாதத்தில் 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் பணித்தளங்களுக்கும், 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக அனைத்துப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் என நாளொன்றுக்கு இருமுறை, நேரமும் இடமும் பதிவாகும் வகையில் தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். ஏறினால்தான் வருகை; வருகை இருந்தால்தான் கூலி.

இதன் சுமை யார் மீது விழுகிறது? பணித்தளப் பொறுப்பாளர்களாக இருக்கும் கிராமப்புறப் பெண்கள் பல மாநிலங்களில் தம் சொந்தக் கைப்பேசியையும் சொந்த இணையக் கட்டணத்தையும் கொண்டே இந்த அரசுப் பணியைச் செய்கிறார்கள். சமிக்ஞை கிடைக்காத மலைப்பகுதிகளிலும் காட்டுப்பகுதிகளிலும் படம் ஏறாமல் போனால், வெயிலில் மண் சுமந்தவரின் ஒரு நாள் உழைப்பு கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. இத்திட்டத்தில் கூலி பெரும்பாலும் அளவுப்பணியை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. விடியற்காலையில் வந்து அளவை முடித்துவிட்டு வீடு திரும்பி, வேறு வேலையையும் பார்க்கலாம் என்பது பெண்களுக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. இப்போது வேலையை முடித்தவரும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போய் மீண்டும் நடந்து வர வேண்டும். வெட்டிய மண்ணின் அளவைவிடப் படத்தில் முகம் இருப்பதே முக்கியமாகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ஊழலாவது ஒழிந்ததா? விடையை ஊரக வளர்ச்சி அமைச்சகமே தந்துவிட்டது. 2025 ஜூலை 8 அன்று அது வெளியிட்ட சுற்றறிக்கை, செயலி தவறாகப் பயன்படுத்தப்படும் முறைகளைப் பட்டியலிட்டது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. நேரடியாகப் படமெடுக்காமல் பழைய படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுகிறார்கள். படத்தில் உள்ளவர் எண்ணிக்கையும் பதிவேட்டில் உள்ளவர் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. ஒரே படம் பல வருகைப் பதிவேடுகளுக்குப் பயன்படுகிறது. இதற்கு அமைச்சகம் கண்ட தீர்வு என்ன? கிராம ஊராட்சி தொடங்கி மாநிலம் வரை ஊழியர்கள் உட்கார்ந்து படங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பதே! மனிதரை நம்ப முடியாது என்று எந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள், எந்திரத்தை நம்ப முடியாது என்று மீண்டும் மனிதரிடம் வந்து நிற்கிறார்கள். இடையில் கூலியை இழந்தவர்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

நீக்கப்பட்ட பெயர்கள்

வருகையைத் தாண்டினால் ஊதிய வழங்கல் என்னும் அடுத்த வாயில் வருகிறது. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் அடிப்படையிலான ஊதிய வழங்கல் கட்டாயமாக்கப்பட்டது. வேலை அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பிசகின்றி இணைந்திருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். எழுத்தைப் பிழையாகப் பதிந்தவர் அலுவலகத்தில் இருக்கிறார், அலைபவரோ தொழிலாளி.

இந்த இணைப்பு வேலைகள் முடுக்கிவிடப்பட்ட 2022-23ஆம் ஆண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை சுமார் 1.5 கோடி. போலி அட்டை, இரட்டைப் பதிவு, இறப்பு, இடப்பெயர்வு, வேலை செய்ய விருப்பமின்மை எனக் காரணங்கள் கூறப்பட்டன. ஓராண்டில் மூன்று மடங்குக்கு மேல் மக்கள் திடீரென்று விருப்பமிழந்துவிட்டார்கள் என்று எவரால் நம்ப முடியும்? பெயர் நீக்கப்படுமுன் அவர்களிடம் கேட்கப்பட்டதா, கிராமசபையில் அந்தப் பட்டியல் வாசிக்கப்பட்டதா என்பவையே ஜனநாயகம் எழுப்ப வேண்டிய கேள்விகள்.

நியாயவிலைக் கடைகளில் நடந்ததும் இதுவே. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் குடும்ப அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி கிடைக்காமல் பட்டினியால் மகள் இறந்ததாகத் தாய் கூறினார். மலேரியாதான் காரணம் என்றது நிர்வாகம். பசித்த வீட்டுக்கு ஏன் அரிசி போகவில்லை என்ற கேள்விக்கு மலேரியா விடையாகாது.

இந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். தலித்துகளும் பழங்குடியினரும் மக்கள்தொகையில் தமக்குள்ள விகிதத்தைவிட அதிகமாகப் பங்கேற்றார்கள். மண்ணும் கல்லும் தேய்த்த விரல்களில் ரேகை மங்கிவிடுகிறது. உழைத்ததற்குச் சான்றான அதே தேய்மானம், எந்திரத்தின் முன் அவர்களை அடையாளமற்றவர்களாக ஆக்குகிறது. எனவே தொழில்நுட்பப் பிழை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. அது சாதியும் வர்க்கமும் பாலினமும் ஏற்கெனவே வகுத்து வைத்த பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது.

வருகைப் பதிவேட்டின் வரலாறு

வருகைப் பதிவேடு இந்திய ஜனநாயகத்தில் சாதாரணக் காகிதம் அன்று. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணப் பணிகளில் ஈடுபட்ட ஏழைகளுக்குக் குறைந்தபட்சக் கூலி மறுக்கப்பட்டது. கேட்டபோது, 'நீங்கள் அவ்வளவு வேலை செய்ததாகப் பதிவேட்டில் இல்லை' என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள். அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அது அரசு ரகசியம் என்று பதில் வந்தது. 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் இந்தக் கேள்வியை இயக்கமாக்கியது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. பதிவேடுகள் ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் தம் காதால் கேட்டுப் பொய்க் கணக்கைப் பிடித்தார்கள். 1996இல் பேவாரில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2005ஆம் ஆண்டிலேயே பிறந்தது தற்செயல் அன்று. இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவோடு அமைந்த அன்றைய அரசு, குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் அளித்த உறுதிமொழிகளை நிறைவேற்றும்படி நாடாளுமன்றத்துக்கு உள்ளும் புறமும் நெருக்கப்பட்டது. வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைக் கிராமசபைக்கு அளித்தது. பதிவேடுகள், ரசீதுகள், அளவைப் புத்தகங்கள் அனைத்தையும் அதன் முன் வைக்க வேண்டும் என்றது. ஆள்வோரின் கணக்கை ஆளப்படுவோர் சரிபார்க்கலாம் என்பதே அதன் உயிர்நாடி.

செயலி இந்த உறவைத் தலைகீழாக்குகிறது. இப்போது தொழிலாளியின் முகம் மேலே போகிறது. கணக்கு கீழே வருவதில்லை. பணித்தளத்தில் கையெழுத்திட்ட காகிதம் தொழிலாளியின் கையில் சான்றாக இருந்தது. திரையில் மறைந்துபோன வருகைக்கு அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. 15 நாட்களுக்குள் கூலி தர வேண்டும் என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றிய அரசு நிதி விடுவிக்கத் தாமதித்த நாட்களோ இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கப்படாமலே இருந்தன. முழுத் தாமதத்துக்கும் தொழிலாளி இழப்பீடு பெற உரியவர் என்று 2018இல் உச்சநீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று. தொழிலாளி பணித்தளத்தில் நிற்கிறாரா என்று நாளுக்கு இருமுறை படமெடுக்கும் அரசு, கருவூலத்தில் கோப்பு நிற்பதைப் படமெடுப்பதில்லை.

மூடப்படும் கதவு

ஒருபுறம் ஏழைகளின் முகமும் ரேகையும் இருப்பிடமும் அரசின் கணினிக்குச் செல்கின்றன. மறுபுறம் அரசின் தகவல்கள் மக்களுக்குக் கிடைக்கும் வழி குறுகுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் மூலம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொதுப் பணிக்குத் தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவல்களையே முன்பு மறுக்க முடிந்தது. பரந்த பொதுநலன் இருந்தால் அவற்றையும் தர வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற விதியும் இருந்தது. இவையனைத்தும் நீக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

8(2) பிரிவில் பொதுநலன் விதி எஞ்சியிருக்கிறதே என்கிறது அரசு. பொதுநலன் பெரிது என்று மெய்ப்பிக்கும் சுமை அதன்மூலம் கேட்பவர் தோளுக்கு மாறுகிறது என்பதை அது சொல்வதில்லை. வருகைப் பதிவேட்டில் இருப்பவை பெயர்களே. ஒப்பந்ததாரர் பெயரும், ரேஷன் கடைக்காரர் பெயரும், கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் தனிநபர் தகவல் என்றாகிவிட்டால், கோட் கிரானாவில் நடந்தது போன்ற ஒரு விசாரணையை இனி எப்படி நடத்துவது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது குடிமக்களை அரசிடமிருந்து காப்பதற்காக. அதே சொல் இன்று அரசை குடிமக்களிடமிருந்து காக்கும் கேடயமாகிவிட்டது.

தொழில்நுட்பம் யார் கையில்?

இதனால் இடதுசாரிகள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் என்று முடிவு கட்டுவது பிழை. எந்திரத்தையும் மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கினார். அந்தப் பாகுபாடு இங்கும் பொருந்தும். வேலை உறுதித் திட்டத்தில் ஊழல் இருந்தது உண்மை. இயந்திரங்களைக் கொண்டு வேலையை முடித்துப் போலிப் பெயர்களில் கூலி எடுத்ததும் உண்மை. அதை மறைப்பதால் ஏழைகளுக்கு நன்மை இல்லை. வினா, அதைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2006 முதல் நடந்த சமூகத் தணிக்கைகள் இதற்கு ஒரு விடை தந்தன. கணினியில் இருந்த கூலிக் கணக்கு அச்சிடப்பட்டு ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. பயிற்சி பெற்ற கிராம இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, 'இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி என்று எழுதியிருக்கிறது, சரியா?' என்று கேட்டார்கள். பின்னர் அது பொதுவில் வாசிக்கப்பட்டது. அங்கும் கணினி இருந்தது. ஆனால் திரை மக்களை நோக்கித் திரும்பியிருந்தது. ராஜஸ்தானில் 2019இல் தொடங்கிய 'ஜன் சூச்னா' இணையதளம் திட்டங்களின் விவரங்களை யாரும் விண்ணப்பிக்காமலே பொதுவெளியில் வைத்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூனில் தொடங்கிவைத்த கே-ஃபோன், இணையத்தை ஏழைக் குடும்பங்களுக்கும் உரிய உரிமையாகக் கருதி அரசே வலைப்பின்னல் அமைத்த முயற்சி. இவற்றிலும் குறைகள் இருக்கலாம். திசை மட்டும் தெளிவானது.

எனவே முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளும் தெளிவானவை. வேலை கேட்டுப் பெறும் உரிமை முழு வலிமையோடு மீட்கப்பட வேண்டும். செயலி பழுதானால், ரேகை பொருந்தாவிட்டால், உழைத்தவருக்குக் கூலி கிடைத்தே தீர வேண்டும். பிழையின் விலையை அரசே ஏற்க வேண்டும். கிராமசபையில் வாசிக்கப்படாமல் எந்தப் பெயரும் நீக்கப்படலாகாது. பணித்தளத்தில் காகிதப் பதிவேடு இருக்க வேண்டும். நிதி விடுவிப்பில் ஏற்படும் தாமதம் நாள்தோறும் பொதுவில் காட்டப்பட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நாடு நுழைவதாக எச்சரித்தார். அந்த முரண்பாட்டைக் களையும் கருவியாகத் தொழில்நுட்பம் இருக்க முடியும். இன்று அது முரண்பாட்டை மறைக்கும் திரையாகப் பயன்படுகிறது. ராஜஸ்தானின் பேரறியாத தொழிலாளர்கள் முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு பதிவேட்டைக் கேட்டு நின்றார்கள். அந்தப் பதிவேடு இப்போது கணினிக்குள் போய்விட்டது. கேட்பதற்கான உரிமை எவருக்கும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. ஊர்தோறும், பணித்தளந்தோறும் அதே கணக்கை மீண்டும் கேட்பதே இன்றைய கடமை.