பெயரை எடுத்தால் இடம் காலியாகுமா?

திருவொற்றியூர்ச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: மகனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசாங்க மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் விண்டோஸா, லினக்ஸா என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. லினக்ஸை வீட்டில் யாரும் தொடுவதே இல்லை. அதை எடுத்துவிடலாமா?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அது தூர தேசத்துச் சரக்கல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலேயே உருவாக்கியது. ஆக, ஒரே யந்திரத்தில் இரண்டு குடித்தனம்!

தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பிற்பாடு பெருமையெல்லாம் சென்ட்ரலுக்குப் போயிற்று. அதனால் ராயபுரம் ஸ்டேஷன் மறைந்துவிட்டதா? தூண்களோடு இன்றும் நிற்கிறதே! கணினியும் அப்படித்தான். பட்டியலில் பெயரை எடுத்தால் பெயர் மட்டுமே போகும். உள்ளே பிடித்திருக்கும் இடம் அப்படியே இருக்கும். இடத்தைக் காலி செய்வது வேறு வேலை.

முதல் காரியம், பழையதற்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் புகைப்படம், மதிப்பெண் பட்டியல், துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் ஓய்வூதியத் தாள் ஏதாவது இருந்தால் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். லினக்ஸில் வைத்ததை விண்டோஸ் சாதாரணமாகப் படிக்காது. ஆகவே லினக்ஸுக்குள் இருந்தபடியே எடுக்க வேண்டும்.

அடுத்து, வாசல் காப்பவர் யார் என்று கவனியுங்கள். பட்டியலின் தலையில் 'குனு க்ரப்' என்று இருந்தால் சாவி லினக்ஸிடம் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸின் இடத்தை அவசரப்பட்டு அழித்தால், மறுநாள் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை வரும், விண்டோஸும் திறக்காது. பதறாதீர்கள். உள்ளே இருப்பவை போகவில்லை, வாசல்தான் காணாமற் போயிற்று. அப்போது எல்லாவற்றையும் 'ஃபார்மட்' செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள். உண்மையான நஷ்டம் அதில்தான்.

ஆகவே சாவியை முதலில் விண்டோஸிடம் கொடுங்கள். பழைய யந்திரமானால், விண்டோஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கி, பழுதுபார்க்கும் பகுதியில் 'பூட்ரெக்' கட்டளையால் சரிசெய்வார்கள். யூ.இ.எஃப்.ஐ. முறை யந்திரமானால் தொடக்க வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலில் வைத்தால் போதும். இரண்டு முறை அணைத்துத் திறந்து, நேராக விண்டோஸ் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் லினக்ஸின் இடத்தை அழிக்கலாம். அங்கே பெயரெழுத்து இல்லாத துண்டெல்லாம் லினக்ஸ் என்று நினைக்க வேண்டாம், 'ரெகவரி', 'ஈ.எஃப்.ஐ.' என்று எழுதியவற்றைத் தொடக் கூடாது.

சில வீடுகளில் பட்டியலில் நிற்பது பழைய விண்டோஸாக இருக்கும். அதற்கு வழி சுலபம். விண்டோஸ் பொத்தானுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி, எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துக்களை அடியுங்கள். 'பூட்' பகுதியில், வேண்டியதை 'டிஃபால்ட்' ஆக்கிவிட்டு, பழையதைத் தேர்ந்து 'டிலீட்' கொடுங்கள். இதில் போவது பெயர் மட்டுமே. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. அதை வைத்துக்கொண்டு பாங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

அழிக்க மனம் வரவில்லையா? விண்டோஸின் பட்டியலானால், அதே 'பூட்' பகுதியில் காத்திருக்கும் நேரம் 30 விநாடி என்று இருப்பதை 5 ஆக்கிவிடுங்கள். தொல்லை பெரிதும் குறையும்.

ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோவதானாலும், "வாசலை முதலில் சரிசெய்யுங்கள், இடத்தைப் பிறகு அழியுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். யந்திரம் யார் கையில் இருந்தாலும், உள்ளே இருப்பது உங்கள் வீட்டுச் சொத்தல்லவா?