ஐந்து படி ஏறினால் துக்கம் தீருமா?

துக்கத்துக்கு ஐந்து படிகளாம். கடைசிப் படியில் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமாம். இப்படி அடித்துச் சொல்பவர்கள் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸைத் துணைக்கு இழுக்கிறார்கள். 1969-இல் வந்த அவருடைய நூலைப் புரட்டியாவது பார்த்திருக்கலாம். அவர் பேட்டி கண்டது சாகக் கிடந்த நோயாளிகளை, பறிகொடுத்தவர்களை அல்ல.

ஜப்பானின் ஒட்சுசியில் இதாரு சசாகி, புற்றுநோயில் இறந்த உறவினரோடு பேசத் தன் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு வைத்தார். வெள்ளைச் சட்டம், கண்ணாடி, உள்ளே எண்களைச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி. எந்த இணைப்பும் கிடையாது. 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை அந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பின் வெளியூர்க்காரர்களும் வந்து அந்தத் தொலைபேசியை எடுத்து இறந்தவர்களோடு பேசினார்கள். வீட்டில் வாய் திறக்காதவர்களும் அங்கே பேசினார்கள். இவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள்?

துயரம் நோயாவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீடித்த துயரக் கோளாறை 2022-இல் மனநோய்களைக் கண்டறிவதற்கான தன் கையேட்டில் சேர்த்தது. பெரியவர்களுக்கு இறப்பு நேர்ந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும், கடும் வேதனையோ அன்றாட வாழ்க்கை முடக்கமோ இருக்க வேண்டும், அவரவர் பண்பாட்டு வழக்கத்தையும் மீறியிருக்க வேண்டும் என்று அதற்குக் கறாரான நிபந்தனைகள். இறந்தவரோடு பேசுவதை மட்டும் வைத்து அந்த நோயைச் சொல்லிவிட முடியாது.