கிணற்றடிப் பெரணி

பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் வரும் ஊர் கல்லாறு. உருண்டைப் பாறைகளுக்கிடையே ஓடி வாமனபுரம் ஆற்றுக்கு நீர் சேர்க்கும் சிற்றாற்றின் பெயரே ஊருக்கும் பெயர். ஆற்றங்கரையிலும் சாலையோர மண்சரிவுகளிலும் பெரணிகள் எவருடைய பராமரிப்புமின்றித் தழைத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை வேரோடு பெயர்த்துச் சென்று, நாகர்கோவிலிலோ மதுரையிலோ மொட்டைமாடித் தொட்டியில் நட்டால், சித்திரை பிறப்பதற்குள் இலைநுனி கருகிவிடும். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் பட்டுப்போயிற்றே என்று வீட்டார் வருந்துவர். தொட்டி மண்ணுக்கு ஊற்றும் நீர், வெயிலில் காயும் இலைக்கு ஈடுசெய்வதில்லை. காற்றின் ஈரமும் மரநிழலும் சேர்ந்துதான் கல்லாற்றில் அச்செடியைக் காத்து வந்தன.

பெரணியின் வாழ்க்கைமுறையே ஈரத்தோடு பின்னிப் பிணைந்தது. அதற்குப் பூவும் விதையும் இல்லை. முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும் தொகுதிகளில் வித்துத்தூள் உருவாகிறது. பூச்சி அரித்துவிட்டதென்று எண்ணி அதைத் துடைத்தெறிவோர் உண்டு. மண்ணில் விழும் தூள் நேரே பெரணியாவதில்லை. முதலில் நகத்தளவுகூட இல்லாத, இதய வடிவிலான மெல்லிய பசுந்தகடாகிறது. அத்தகட்டின் மீது நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திச் சென்று முட்டையணுவை அடையும். அந்தச் சேர்க்கையிலிருந்தே நாம் அறிந்த பெரணி எழுகிறது.

பள்ளிப் பாடநூல்கள் இவ்வினத்தைப் ‘பூவாத் தாவரம்’ என்கின்றன. எதுவாக இருக்கிறது என்று சொல்லாமல், எது இல்லை என்று சொல்லி வகுக்கும் பெயர் இது. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை என்று பூக்களின் பெயரால் அழைத்த மரபில் பூவாத செடிக்குத் தலைப்பிடம் கிடைக்காததில் வியப்பில்லை. ஆயினும் தனிப்பெயர் இல்லாமலில்லை. இலங்கைத் தமிழில் ‘பன்னம்’ என்கின்றனர்; மலையாளத்தில் ‘பன்னல்’ என்கின்றனர். இவ்விரு சொற்களின் ஒற்றுமை, தமிழ்நாட்டில் ‘பெரணி’ மட்டுமே அறிந்தோர் கவனிக்கத்தக்கது.

வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை வரிசையில் இருக்கிறது. பெரணியை முதலில் வாங்குகின்றனர். நிழலைப் பிறகு தேடுகின்றனர். வெயிலைத் தாங்கும் பூச்செடிகளே முதலில் வர வேண்டியவை. மேற்கு வெயில் அறையும் பக்கத்தில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வேலிபோல் எழுந்தால், அவற்றின் கிழக்கே ஒரு குளிர்ந்த மூலை தானே உருவாகும். இட்லிப்பூ வேறெதுவுமன்று, இலக்கியத்தின் வெட்சிதான். கேரளத்தில் அது தெச்சி. அரளியும் கடும் வெயிலைத் தாங்கும். எனினும் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சாதலால், குழந்தைகளும் கால்நடையும் உள்ள வீட்டில் தவிர்ப்பது நலம். மாடியின் திறந்த விளிம்புக்குப் பத்துமணிப்பூ போதும். தடித்த இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்ளும் அச்செடிக்கு வெயில்தான் மலர்ச்சி. இப்படி அமைந்த நிழலில், ஈரத்தை வைத்திருக்கும் தேங்காய் மட்டையில் பெரணியைக் கட்டித் தொங்கவிட்டால் அது நிலைக்கும்.

பெரணிகள் எல்லாம் ஒரே இயல்பினவும் அல்ல. ‘டெரிஸ் விட்டாட்டா’ என்னும் இனம் நகரத்தின் பழைய செங்கற்சுவர் வெடிப்புகளிலும் வளர்கிறது. மண்ணிலுள்ள ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் பெருமளவு தேக்கும் அதன் ஆற்றலை 2001இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஒரு தலைமுறைக்கு முன்பு பெரணியை யாரும் விலைகொடுத்து வாங்கவில்லை. கிணற்றின் உட்சுவரிலும் துவைகல்லின் ஓரத்திலும் அது தானாக முளைத்தது. கிணறு மூடப்பட்டு ஆழ்துளைக் குழாய் வந்தது, முற்றம் சிமெண்டுத் தளமானது, பெரணி போயிற்று. இன்று அதே வீட்டார் நாற்றங்காலில் அதைத் தேடுகின்றனர். வீடு இழந்த ஈரத்தை ஒரு தொட்டியால் மீட்டுவிட முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

காட்டிலிருந்து எடுத்து வந்து வளர்ப்பதும் பாதுகாப்புதானே என்று வாதிடுவோர் உள்ளனர். இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு எதிர்ச்சான்று. 1829இல் நத்தானியல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டியில் பெரணி தானே முளைத்ததைக் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பேழை, பெரணியை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. நாட்டில் பெரணிப் பித்துப் பரவியது. அரிய இனங்கள் சில தம் பாறைகளிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டன. வித்துத்தூளிலிருந்து வளர்த்த செடியை வாங்குவது பாதுகாப்பு. காப்புக்காட்டிலிருந்து பெயர்ப்பது சட்டப்படியும் குற்றம். ஆர்க்கிட் செடிகளைக் கட்டி வளர்க்க மரப்பெரணியின் தண்டை வெட்டி விற்பதும் இதே பித்தின் தொடர்ச்சியே. அதற்கும் தேங்காய் மட்டை போதும்.

கல்லாற்றுக்கு அருகே காட்டுக்குடியிருப்பில் வாழும் காணி இனத்து மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர் என்று உலகம் வியந்தது. அந்த நினைவு செடிகளின் பட்டியல் மட்டுமாக இருக்க இயலாது. எந்தச் செடி எந்த நிழலில், எந்த நீரருகே நிற்கும் என்ற அறிவும் அதனுள் அடங்கியதே. கல்லாற்றுக்குச் செல்வோர் திரும்பும்போது கொண்டுவர வேண்டியது இந்த அறிவைத்தான். செடி அங்கேயே இருக்கட்டும்.